இடது கதவின் இரண்டு ஒயர்கள்

என் கடைக்கு வந்த ஒருவருடைய காரில் இடது முன்கதவைத் திறந்து, ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு ஒயர்களையும் வேண்டுமென்றே மாற்றிச் செருகினேன். கை தவறி நடந்ததல்ல. பிளஸ் எது, மைனஸ் எது என்று நன்றாகப் பார்த்து, மாற்றி, கதவின் உள்பக்க மூடியான டோர் பேடை மாட்டி, துணியால் துடைத்து, சிரித்த முகத்தோடு சாவியைக் கொடுத்தேன். எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவன் என்பதால் அதற்குப் பிறகு அந்த ஸ்பீக்கர்கள் என்ன செய்யும் என்று எனக்கு மிக நன்றாகத் தெரியும். அந்த மனிதர் என்ன ஆவார் என்பதுதான் தெரியவில்லை.

கார் ஆடியோ தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். படிக்கும்போது சிரிப்பீர்கள். சிரியுங்கள். விஷயம் வெளியே வந்த அன்றைக்கே நாங்கள் ரோட்டோரத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தோம். ஆனாலும் கடையை மூடி ஓய்ந்து உட்கார்ந்த பிறகு, போட்டுக் கொடுத்த எத்தனையோ நல்ல செட்டுகளைவிட, மாற்றிப் போட்ட அந்த ஒரு ஜோடி ஒயர்தான் அடிக்கடி ஞாபகத்துக்கு வருகிறது.

என் கடை கணபதி என்ற பகுதியில் இருந்தது. இரண்டு தெரு தள்ளி சென்னியப்பனுக்கு மோட்டார் பம்பு ஷெட். கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் போகும் மோட்டார்களை அங்கே செய்தார்கள். அந்த ஷெட்டில் மீட்டர்கள் எல்லாம் இருந்தன. ஆனால் மீட்டர் சரி என்று சொன்ன பிறகும் ஒவ்வொரு மோட்டாரும் சென்னியப்பனின் காதைத் தாண்டித்தான் வெளியே போகும். ஓடவிட்டு, கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் கேட்பார். "பின்னாடி பேரிங், பிரிங்க" என்பார். பிரித்தால் பின்னால் பேரிங்கில்தான் கோளாறு இருக்கும். இதைப் பற்றி அவருக்கு அடக்கமே கிடையாது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, சமையல்கட்டில் ஓடும் கிரைண்டருக்கு இன்னும் எத்தனை மாதம் ஆயுசு என்று பக்கத்து இலைக்காரரிடம் சொல்கிற ஆள்.

அவரும் அவர் மனைவி துளசிமணியும் புதுக்காரோடு ஒரு நாள் கடைக்கு வந்தார்கள்.

"ஏனுங்க, இந்தக் கம்பெனி ஸ்பீக்கரு தகர டப்பாவாட்டக் கேக்குதுங்க. நல்லதா ஒண்ணு போட்டுக் குடுங்க" என்றார் துளசிமணி.

"அதெல்லாம் வேண்டாம் அம்மணி. வண்டியோட வந்தது போதும். கதவுல ஒரு கடகடப்பு இருக்குது, அதை மட்டும் பாக்கச் சொல்லு" என்றார் சென்னியப்பன்.

வேண்டாம் என்கிறவரை விடக்கூடாது என்பது நம் தொழிலின் பழக்கம். என் சுவரில் டெமோ போர்டு ஒன்று இருந்தது. ஒரு பட்டனை அழுத்தினால் கம்பெனி ஸ்பீக்கர் பாடும், அடுத்ததை அழுத்தினால் விலை கூடியது பாடும். "ஒருக்கா கேட்டுப் பாருங்கண்ணா" என்று இரண்டையும் போட்டேன். கடையில் வேறு நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள்.

சென்னியப்பன் கண்ணை மூடினார். தலையைச் சாய்த்தார். திறந்தார்.

"ரெண்டாவதுல சத்தத்தைச் சித்தெ கூட்டி வச்சிருக்கறீங்க. மொதல்லதையும் அதே சத்தத்துல வைங்க, அப்பறம் பாக்கலாம்."

உண்மைதான். சத்தம் கொஞ்சம் கூடினால் மனிதக் காது அதை நல்ல சத்தம் என்று எடுத்துக்கொள்ளும். எல்லாக் கடையிலும் செய்கிற வேலை. யாரும் அதுவரை கண்டுபிடித்ததில்லை. டீ குடித்தவர்கள் சிரித்தார்கள். சென்னியப்பன் சுவரில் மாட்டியிருந்த என் பட்டத்தை அண்ணாந்து பார்த்தார்.

"ஏனுங்க எம்மெஸ்ஸி! படிச்ச படிப்பு நெம்ப வேலை செய்யுதாட்ட இருக்குதுங்க!"

இன்னொரு சிரிப்பு. நானும் சிரித்தேன். உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது.

எனக்குத் தொழில் பழக்கியவர் ஒருவர் இருந்தார். வேண்டாம் என்று சொல்கிறவன் காரில் ஒரு பக்கத்து ஒயரை மாற்றிவிடு, ஒரு வாரத்தில் அவனே வேண்டும் என்று வந்து நிற்பான் என்று ஒருமுறை சொல்லியிருந்தார். அவர் சொன்ன எத்தனையோ நல்ல விஷயங்களை மறந்துவிட்டேன். இதை மட்டும் பத்திரமாக வைத்திருந்தேன். அன்று கடகடப்பைப் பார்க்கிற சாக்கில் டோர் பேடைக் கழற்றியபோது அது கைக்கு வந்தது.

ஒயர் மாறினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு கதவு ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் காற்றை முன்னால் தள்ள வேண்டும். ஒன்று தள்ளும்போது இன்னொன்று இழுத்தால், அடிச்சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடும். நடுவில் நின்று பாட வேண்டியவர் எங்கேயோ தலைக்குப் பின்னால் போய்விடுவார். இன்று ஃபோனைக் காட்டினாலே தப்பைச் சொல்லும் ஆப் வந்துவிட்டது. ஆனால் பாதிப்பேருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. கொஞ்சம் தெரிந்தவர்கள், செட்டு சரியில்லை என்பார்கள். மிக நல்ல காது உள்ளவருக்குத்தான் காதுக்குள் பஞ்சு அடைத்ததுபோல ஒரு வேதனை வரும். அதாவது, அவர் காது எவ்வளவு நல்லதோ அவ்வளவு தண்டனை.

ஒரு வாரம் காத்திருந்தேன். அவர் வரவில்லை. கொஞ்ச நாளில் நானும் மறந்துபோனேன். அதுதான் எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது.

சில வாரம் கழித்துத் துளசிமணி மட்டும் வந்தார்.

"ஏனுங்க, உங்ககிட்ட இருக்கறதுலயே நெம்பச் சத்தமா கேக்கறது எதுங்க? அதை எங்க வண்டில போட்டுருங்க."

என் மனம் ஒரு குதி குதித்தது. ஜெயித்துவிட்டேன்! "அண்ணன் ஒத்துக்கிட்டாருங்களா?" என்று கேட்டேன்.

"அவருக்குத் தெரியாதுங்க. அவருக்குக் காது போயிருச்சு."

எப்படி என்று துளசிமணியே சொன்னார். வண்டியில் பாட்டுப் போட்டால் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது என்று சென்னியப்பன் முதலில் சொன்னாராம். மனைவியிடம் கேட்டிருக்கிறார். "எனக்கு எப்பவும் போலத்தானே கேக்குது" என்று இவர் சொல்லியிருக்கிறார். ஷெட்டில் வேலை செய்கிறவர்களை வண்டியில் உட்காரவைத்துக் கேட்கச் சொன்னாராம். அவர்களும் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்களாம். எல்லோருக்கும் சரியாகக் கேட்டு தனக்கு மட்டும் தப்பாகக் கேட்டால் என்ன அர்த்தம்? காது டாக்டரிடம் போனாராம். டாக்டர், வயதுக்கு ஏற்ற காது என்றாராம். "என்ர காதுக்கு எப்புடிடீ வயசாகும்?" என்று வழியெல்லாம் சண்டை. அந்தச் சந்தேகத்தோடே கேட்டதில், ஷெட்டில் நல்ல மோட்டார் ஒன்றைக் கெட்டது என்று ஒதுக்கிவிட்டார். பிரித்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. அன்றோடு மோட்டாரைக் காதால் கேட்பதை நிறுத்திவிட்டார்.

"தை பொறந்ததும் ஷெட்டை வேற ஒருத்தருக்குக் குத்தகைக்கு விட்டுறப் போறாருங்க. பேச்சு முடிஞ்சுபோச்சு. ஊட்ல ஒரு வார்த்தை பேசறதில்ல. காலம்பற எந்திரிச்சு உக்காந்து செவுத்தையே பாத்துட்டு இருக்கறாரு. அதுதான் பாட்டாச்சும் சத்தமா கேக்கட்டும்னு வந்தேன்."

"வண்டியை இப்பவே கொண்டுவாங்கம்மா. இப்பவே!" என்று கத்தியேவிட்டேன்.

"எனக்கு ஓட்டத் தெரியாது, அவரு உங்க கடைப்பக்கமே வரமாட்டேங்கறாரு. உங்க முன்னாடி காதைப் பத்திப் பெருமை பேசிப்போட்டு, இப்ப எந்த மூஞ்சிய வச்சுட்டு வருவாரு? ஒண்ணு பண்ணுங்க. வெள்ளிக்கெழமை ஆனைமலைக்குப் போறோம். யாரோ கண்ணு வச்சுட்டாங்க இல்லீன்னா ஏதோ வச்சுட்டாங்க. மாசாணியாத்தாகிட்ட மிளகா அரைச்சு அப்பிட்டு வரோணும். நீங்களும் கூட வாங்க. வழில பேசி அவரைச் சம்மதிக்க வைங்க."

பொருள் திருடுபோனால், துரோகம் நடந்தால், அந்தக் கோவிலுக்குப் போய் மிளகாய் அரைத்து அம்மனிடம் நியாயம் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். செய்தவன் யாராக இருந்தாலும் அந்தக் காரம் அவனைப் போய்ச் சேரும் என்பார்கள். எனக்கு எதிராக அரைக்கப்போகும் மிளகாய்க்கு நானே துணைக்குப் போவதாக ஒத்துக்கொண்டேன். வேறு வழி தெரியவில்லை. டோர் பேடைத் தூக்கும் பட்டியையும் ஸ்க்ரூடிரைவரையும் துண்டில் சுற்றி, டிபன் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

போகும்போது வண்டியில் பாட்டு இல்லை. "போடுங்களேண்ணா" என்றேன்.

"வேண்டாங்க எம்மெஸ்ஸி. போட்டா என்ர காது ஞாபகம் வந்துருது" என்றார். அந்த எம்மெஸ்ஸியில் கிண்டலே இல்லை. எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

கோவில் வாசலில், கால் வலிக்கிறது, வண்டியிலேயே இருக்கிறேன் என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டேன். அவர்கள் உள்ளே போனதும் இடது கதவைத் திறந்து பேடைக் கழற்ற ஆரம்பித்தேன். எத்தனையோ வருடம் செய்த வேலை. ஆனாலும் அவசரத்தில், பேடைப் பிடித்திருந்த கிளிப் ஒன்று தெறித்து மடியில் விழுந்தது. எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன். பக்கத்தில் தேங்காய் பழம் விற்றுக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, யாரு வண்டிங்க அது?"

"நம்முளதுதானுங்க. கதவுல சத்தம் வருது."

"அப்புடீங்களா. இல்ல, ஆத்தா வாசல்லயே வந்து திருடறவன் நெம்பத் தைரியசாலியா இருப்பானேன்னு பாத்தேன்."

ஒயரைச் சரியாக மாற்றிச் செருகினேன். பேடை அழுத்தி மூடினேன். கதவில் பட்ட வேர்வையைத் துடைத்து நிமிர்ந்தால் எதிரில் துளசிமணி.

"கால் வலி பரவால்லீங்களா? என்ர மணிக்கட்டு புடிச்சுக்கிச்சு. சித்தெ வந்து அரைச்சுக் குடுங்க."

அரைத்தேன். என்ன செய்வது? ஆட்டுக்கல்லின் முன்னால் உட்கார்ந்து, என்னையே உத்தேசித்து வாங்கிய மிளகாயை நானே அரைத்தேன். பக்கத்தில் நின்று துளசிமணி மேற்பார்வை பார்த்தார்.

"இன்னும் சன்னமா அரைங்க. அப்பத்தான் நல்லா எரியும்."

"போதுமுங்களா?"

"பத்தாதுங்க." பிறகு கண்ணை மூடிக்கொண்டு உரக்கவே சொன்னார்: "ஆத்தா! எங்கூட்டுக்காரரு காதைக் கெடுத்தவன் எவனா இருந்தாலும் அவன் கையி எரியோணும்!"

என் கை அப்போது முழங்கை வரை எரிந்துகொண்டிருந்தது. கண்ணில் தாரைதாரையாகத் தண்ணீர். துளசிமணி என்னைப் பார்த்து நெகிழ்ந்துபோனார். "அடுத்தவங்களுக்காக இப்புடி அழுகறீங்களே" என்று தன் சேலைத் தலைப்பையே நீட்டினார்.

திரும்பும் வழியில் துளசிமணியே பாட்டைப் போட்டார். பின்சீட்டில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். சென்னியப்பன் ஒரு வரி கேட்டார். இரண்டு வரி கேட்டார். வண்டி ரோட்டில் ஒரு நெளி நெளிந்தது.

"துளசி! நடுவுல நிக்குதுடீ! பாடறவங்க நடுவுல நிக்கறாங்க!"

"கேக்குதுங்களா மாமா?"

"கேக்குதாவா! அடியில தபேலாவுல வெரல் வழுக்கறது கேக்குது!"

துளசிமணி சீட்டிலேயே திரும்பி, கோவில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார். அழுதார், சிரித்தார். சென்னியப்பன் ஸ்டீரிங்கில் தாளம் போட்டார். எனக்கும் கைகொட்ட வேண்டும்போல இருந்தது. கை எரிச்சலில் முடியவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது! காது வந்துவிட்டது, புண்ணியம் அம்மனுக்கு, நான் தப்பித்தேன். இந்தத் தொழிலில் இதைவிடச் சுத்தமான ரிப்பேர் ஒன்று நான் செய்ததில்லை.

பொள்ளாச்சி தாண்டும்போது சென்னியப்பன் பாட்டைக் குறைத்தார்.

"சாமி குடுத்தது, சந்தோசம். ஆனா ஒருக்காப் போன காதுதானுங்களே இது? நாளைக்கே மறுக்காப் போகும். அதை நம்பி ஒருத்தன் கெணத்துக்குள்ள மோட்டாரை எறக்கச் சொல்ல முடியுங்களா? ஷெட்டை விடறது விடறதுதான். பாட்டுக் கேட்டுட்டு இருந்துக்கறேன்."

துளசிமணி பாட்டையே நிறுத்திவிட்டார்.

தம்பிகளே, நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இந்த இடத்தைத்தான். ஒயரை நான் சரிசெய்துவிட்டேன். கார் சரியாகிவிட்டது. ஆள் சரியாகவில்லை. தன் காது ஒரு நாளும் கெடவில்லை என்று தெரிந்தால்தான் அவர் மறுபடி மோட்டார் முன்னால் நிற்பார். அதைச் சொல்லக்கூடியவன் உலகத்தில் ஒருத்தன். அவன் பின்சீட்டில் உட்கார்ந்து, சொன்னால் கடை என்ன ஆகும், ஊரில் பேர் என்ன ஆகும், முன்சீட்டில் இருக்கும் அந்தம்மா என்ன செய்வார் என்றெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான். தென்னந்தோப்புகள் போய்க்கொண்டே இருந்தன. அடுத்து கிணத்துக்கடவு வந்துவிட்டால் எனக்குத் தைரியம் போய்விடும் என்று ஏனோ தோன்றியது. சட்டைப்பைக்குள் கையை விட்டேன். அந்தக் கிளிப் தட்டுப்பட்டது. கோவில் வாசலில் தெறித்ததை மறுபடி போட மறந்திருக்கிறேன்.

"அண்ணா, வண்டியை ஓரமா நிறுத்துங்க."

"வாந்தி வருதுங்களா?"

"உங்க காது போகவே இல்லீங்க. அன்னைக்குக் கடையில வச்சு ஒயரை மாத்திவிட்டது நான்தான். இன்னைக்குக் கோயில் வாசல்ல சரியா மாத்தினதும் நான்தான். இந்தாங்க, உங்க கதவோட கிளிப்."

வண்டி நின்றது. இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சென்னியப்பன் கிளிப்பை வாங்கிப் பார்த்தார்.

"எந்தக் கதவுங்க?"

"இடது."

"இடதா?" குரல் கீச்சென்று உயர்ந்தது. "இடது பக்கமா! துளசி, நான் மொத நாளே என்ன சொன்னேன்? இடது பக்கம்தான் பஞ்சடைச்சாப்பல இருக்குதுன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க மாமா" என்றார் துளசிமணி. கண் என்மேல்தான் இருந்தது.

"மாத்துங்க! இப்ப மறுக்கா மாத்துங்க. நான் பாக்கோணும்!"

ரோட்டோரத்தில் டோர் பேடைக் கழற்றினேன். அவர் உள்ளே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் ஒயரை மாற்றுவேன், சில தடவை மாற்றாமலே மாற்றுவதுபோல் பாவனை செய்வேன். பாட்டு ஓடும். "தப்பு!" என்று கத்துவார். "சரி!" என்று கத்துவார். "ஏய், மாத்தாமயே ஏமாத்தறீங்க, இன்னும் அதே தப்புதான்!" என்பார். ஒன்றுகூடப் பிசகவில்லை. தேங்காய் ஏற்றி வந்த லாரிக்காரர் பிரேக்டவுன் என்று நினைத்து நிறுத்தினார். அவரையும் உள்ளே உட்காரவைத்தார் சென்னியப்பன். "ஒண்ணும் வித்தியாசம் தெரியலீங்களே" என்று லாரிக்காரர் சொல்ல, "தெரியாது! உனக்குத் தெரியாது கண்ணு! எனக்குத்தான் தெரியும்!" என்று அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆடினார். லாரிக்காரரும் சேர்ந்து சிரித்தார், எதற்கென்று தெரியாமலே. என் விரல்களில் மிளகாய் எரிய, நானும் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

சிரிக்காமல் நின்றவர் ஒருவர்தான்.

"உங்களை நம்பித் தலைப்பைக் குடுத்தேன்" என்றார் துளசிமணி. "அவரு செவுத்தைப் பாத்துட்டு உக்காந்திருந்தப்ப நீங்க வந்து பாத்திருக்கோணும்."

"மன்னிச்சுக்குங்கம்மா. அந்த வேண்டுதலை..."

"ஆத்தாகிட்டச் சொன்னது சொன்னதுதானுங்க. நான் திருப்பி வாங்க முடியாது. நீங்களே போய்ப் பேசிக்குங்க."

மறுநாள் காலையில் சென்னியப்பன் என்னை ஷெட்டுக்கு வரச் சொன்னார். ஈடாக என் கடையிலேயே உசத்தியான செட்டைப் போட்டுத் தருகிறேன் என்றேன். "கம்பெனி ஸ்பீக்கரே போதுமுங்க. நீங்க இவங்ககிட்டச் சொல்லுங்க, அது போதும்" என்றார். கடைசல் மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் நின்றார்கள். நான் செய்ததைச் செய்தபடி சொன்னேன். சென்னியப்பன் ஒரு மோட்டாரை ஓடவிடச் சொல்லி, கண்ணை மூடி, தலையைச் சாய்த்தார். "பின்னாடி பேரிங், பிரிங்க" என்றார். பிரித்தார்கள். ஷெட்டே கூரை பறக்கிற மாதிரி விசில் அடித்தது.

தை பிறந்தது. ஷெட் அவரிடமே இருந்தது.

பேச்சு ஊரெல்லாம் பரவியது. வெகுநாள் வரை, வண்டியை விட்டுப்போகிறவர்கள் "ஒயரைப் பாத்துக் குடுங்க எம்மெஸ்ஸி" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். சிலர் வரவே இல்லை. அது நியாயம்தான். டெமோ போர்டில் இரண்டு பட்டனுக்கும் ஒரே சத்தம் வைத்தேன். யார் வண்டியின் கதவைத் திறந்தாலும், திறக்கும் முன்னும் மூடிய பின்னும், அவர் பாட்டை அவரோடு உட்கார்ந்து கேட்பதை வழக்கமாக்கினேன். விற்பனை குறைந்தது. வேண்டாம் என்கிறவர்களுக்குச் சரி என்று சொல்லப் பழகினேன். ஆனைமலைக்குத் தனியாகப் போய், அரைத்த மிளகாயின் காரம் தணிய அம்மனுக்கு எண்ணெய் சாத்தி மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். பதில் ஒன்றும் வரவில்லை.

சென்னியப்பன் சில மாதங்களில் பழையபடி ஆகிவிட்டார். என்னைத் தெருவில் பார்த்தால் கதவைக் கழற்றுவதுபோல் சைகை காட்டிச் சிரிப்பார். துளசிமணி ஒன்றே ஒன்றுதான் கேட்பார், சிரிக்காமல்: "கையி எரியறது நின்னுச்சுங்களா?"

"இன்னும் இல்லீங்கம்மா" என்பேன். அவர் போய்விடுவார்.

நான் கடையை மூடப்போகிறேன் என்று தெரிந்த பிறகு ஒரு நாள் வாசலில் ஒரு சின்னக் கார் வந்து நின்றது. துளசிமணி ஓட்டி வந்திருந்தார். இந்த வயதில் கற்றுக்கொண்டு, தனக்கென்று வாங்கியிருக்கிறார். பக்கத்தில் சென்னியப்பன், கைப்பிடியை இறுகப் பிடித்தபடி.

"கம்பெனி ஸ்பீக்கரு தகர டப்பாவாட்டக் கேக்குதுங்க" என்றார் துளசிமணி. "நல்லதா ஒண்ணு போடுங்க. நான் உள்ளயே உக்காந்திருப்பேன்."

உட்கார்ந்திருந்தார். பேடைக் கழற்றுவதிலிருந்து ஒவ்வொரு ஒயரையும் குனிந்து பார்த்தார். பாட்டுப் போட்டதும் தலையாட்டினார். பிறகு, "ஒருக்கா மாத்திப் போடுங்க" என்றார்.

"என்னங்கம்மா?"

"அவருக்கு எப்புடிக் கேட்டுச்சுன்னு நான் கேக்கோணும்."

மாற்றினேன். வெளியே நின்ற சென்னியப்பன் காதைப் பொத்திக்கொண்டு குதித்தார். "ஐயோ, மாத்துங்க! மாத்துங்க! கூசுது!" துளசிமணி கண்ணை மூடி, கணவரைப்போலவே தலையைச் சாய்த்து, வெகுநேரம் கேட்டார்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தானுங்க கேக்குது."

சென்னியப்பன் தலையில் அடித்துக்கொண்டார். துளசிமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தார். அதில் ஹாரன் அடித்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கையி எரியறது நின்னுச்சுங்களா?"

"இன்னும் இல்லீங்கம்மா."

என் கைகளைப் பார்த்தார்.

"சரி. ஒயரைச் சரியா மாத்திப் போடுங்க. ஆத்தாகிட்ட நான் பேசிக்கறேன்."